ஏழு நாள் இளையவன்

மாப்ள,

இன்று காலை பரவைச் சந்தையில் ஒருவன் ஆட்டுக்குப் போடக் கோவைக்கொடியை அறுத்துக் கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தான். வண்டிச் சக்கரம் அதில் ஏறி இறங்கியதும் பச்சை வாடை குப்பென்று வந்தது. கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகன் எழுதுகிறார்.

சனிக்கிழமைதோறும் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கொடுப்பேன். பாடம் முடிந்ததும் நீ ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் அதைத் தேய்ப்பாய். பிள்ளைகள் எதிரில் உன்னை வாத்தியாரே என்பேன். அவர்கள் தலை மறைந்ததும் மாப்ளதான்.

"இம்புட்டுக் கருப்பு எப்படி வந்துச்சு? உன் முதுகத் தேச்சு எடுத்தியா?" என்பாய்.

உனக்குக் காணி நிலம் கிடையாது. மாதச் சம்பளம் ஒன்றுதான். மகளை வாத்திச்சி வேலைக்குப் படிக்க மதுரையில் விட்டிருந்தாய். "இன்னும் ரெண்டு வருசம் என் சம்பளம் ஓடணும் மாப்ள. அதுக்குள்ள அவ முடிச்சிருவா. பெறகு எனக்கு வயசாகி வீட்டுக்கு அனுப்புனா அனுப்பட்டும்" என்று அடிக்கடி சொல்வாய். அம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் வயதோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, பார்.

அந்தச் சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். நான் கையெல்லாம் கரியாக நின்றேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"பெரியவரே, வாத்தியாருக்கு நீங்க என்ன உறவு?"

"கூட்டாளிங்கய்யா. தாது வருசப் பஞ்சத்துல எங்க ஆத்தாவும் இவுக ஆத்தாவும் ஒரே கஞ்சித்தொட்டியில வாங்கிக் குடிச்சுத்தான் எங்களப் பெத்தாக. இவுக எனக்கு ஏழு நாள் இளையவுக."

ஊரில் யார் எப்போது பிறந்தார், எந்தக் கிடாரி எந்த வருசம் ஈன்றது என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அந்தப் பெருமையில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தி, தாது வருசத்திலிருந்து விரல்விட்டு எண்ணிவிட்டு உன் சர்வீஸ் ரிஜிஸ்தரைப் புரட்டினார். நீ பலகையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விடவில்லை. விடை எழுதி, அடியில் கோடும் கிழித்துவிட்டுத்தான் திரும்பினாய்.

அவர் போன பிறகு சொன்னாய். கூலிக்குப் போய்ப் போய்ப் படித்ததில், படிப்பு முடிந்தபோது வேலையில் சேரும் வயது தாண்டிவிட்டது. நாலு வருசம் குறைத்து எழுதித்தான் சேர்ந்திருக்கிறாய். அன்றைக்கு உனக்கு அம்பத்தேழு. ரிஜிஸ்தரில் அம்பத்து மூன்று. கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா? நீ எத மறந்திருக்க, இத மறக்க?"

பிறகு ஊர்ப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தார்கள். நான் சொன்னது நாள் பிசகாமல் அதில் இருந்ததாம். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்த காகிதத்தை நீ வாசித்துச் சொன்னபோது என் காதையே நான் நம்பவில்லை. நீ இரண்டு வருசம் முன்பே போயிருக்க வேண்டியவனாம். அந்த இரண்டு வருசச் சம்பளத்தையும் உன் சேமநிதியில் பிடித்துக்கொள்வார்களாம்.

"கூலி குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறவன நான் பாத்ததே இல்லையே மாப்ள. அறுத்த கதிரத் திரும்ப ஒட்டவா முடியும்? அந்தப் பிள்ளைக படிச்சது?"

"எழுத்துப்படி அந்த ரெண்டு வருசமும் நான் அங்க இல்ல."

"நான் பாத்தேனே."

"நீ பாத்தது போதும்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சேமநிதி என்று கைக்கு வந்தது ஒரு வேட்டி முனையில் முடிகிற அளவு. மகள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பி வந்தாள். அடுத்த தையில் அவளைக் கோச்சடையில் கட்டிக் கொடுத்தாய். கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த நெல்லை நீ மறுக்காமல் வாங்கிக்கொண்டாய். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. திட்டியிருந்தால் திட்டைச் சுமந்துகொண்டு போயிருப்பேன். ஒரே ஒரு தடவை, கண்மாய்க்கரையில் நடக்கும்போது சொன்னாய்: "நீ பொய் சொல்லல மாப்ள. பொய்ய எழுதுனவன் நான்." அதன் பிறகு எட்டு வருசம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. உன் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கும் முடியவில்லை.

போன மாசி மாதம் உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் சாவைப் பதிய கிராம முன்சீப் நோட்டோடு வந்தார். உன் மகள் தூணோரம் நின்றிருந்தாள். முன்சீப் நேரே என்னைத்தான் பார்த்தார். ஊரில் வயது கேட்க வேறு ஆள் ஏது?

"வாத்தியாருக்கு என்ன வயசு அண்ணே?"

"அறுபத்தொண்ணு."

எழுதப்போன கை நின்றது. "நீங்களும் அவரும் ஒரே வயசுல்ல? ஏழு நாள் வித்தியாசம்னு நீங்கதான சொல்வீக?"

"இல்லப்பா. அவன் எனக்கு நாலு வருசம் இளையவன்."

முன்சீப் எழுதிக்கொண்டார். இன்றைக்கு யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன் மாப்ள. நாளைக்கும் சொல்வேன்.