அஞ்சுகத்தின் படம் இருந்த பக்கம்

கிளிஞ்சல்மேடு
பங்குனி, 2008

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழில்மதி எழுதுகிறாள், காரணம் பின்னால் வரும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், எதையும் முழுதாகச் சொல்ல விடுவதில்லை. திருமலைராயன்பட்டினம் முகம்மது இப்ராஹிம் அண்ணன் நாளை விமானம் ஏறுகிறார், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நம் கருவாட்டுக் கடையின் வெப்சைட் கெட்டுப்போச்சு, மூடிடு என்று மட்டும் அப்பா உன்னிடம் சொன்னார், நீயும் மூடிவிட்டாய். நடந்தது அவ்வளவு மட்டும் இல்லை. படித்துவிட்டு ஆத்திரத்தில் டிக்கெட் எடுக்காதே, முதலில் அதற்குச் சத்தியம் பண்ணிக்கொள். தை மாதம் நீ போன் செய்து, வெப்சைட்டை ஓட்டுகிற புரோகிராம் பழசாகிவிட்டது, அதில் இருக்கிற ஓட்டை திருடர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று, உடனே புதியதைப் போட வேண்டும் என்றாய் அல்லவா. தீபாவளிக்கு முன்னால் நீ அப்படி மாற்றியபோது நகல் எடுத்து வைக்காததால் விலைப்பட்டியலே காணாமல் போய், வெளியூர் ஆர்டர் எல்லாம் நின்றுபோனதை அப்பா மறக்கவில்லை. கடல் நல்லா இருக்கறப்ப எவனாவது போட்டைக் கரையேத்துவானா, தடைக்காலம் வரட்டும், போட்டையும் வலையையும் பார்க்கறப்ப அதையும் பார்த்துக்கலாம் என்றார். இஞ்சின் வேலை, பலகை வேலை, பெயின்ட் எல்லாவற்றையும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்று ஒதுக்கி வைப்பதுதானே இங்கே வழக்கம், அதனால் எங்கள் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் அப்டேட் செய் என்று சிவப்பு எழுத்தில் வரும், எழில்மதி காட்டுவாள், அது கெடக்கட்டும் என்பார் அப்பா.

நம்மூர் மருதையன் மகள் அஞ்சுகம் வலைமேல் கருவாடு காயவைக்கிற படம் ஒன்று போட்டிருந்தாயே, அந்தப் பக்கத்தில்தான் எவனோ ஒருவன் உள்ளே புகுந்து, அவள் படத்துக்கு மேலும் கீழும் அம்மணப் பெண்களின் படங்களை ஒட்டி வைத்துவிட்டான். அஞ்சுகத்துக்குத் திருமலைராயன்பட்டினத்தில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை மாற்றியிருந்தது. பெண்ணின் படம் உலகமெல்லாம் தெரிகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்த் திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் கடை திறந்த சூட்டோடு மருதையனும் அவர் மகன் அருள்ராஜும் ஆட்களோடு துடுப்பும் கையுமாக வந்தார்கள். எம் பொண்ணை அம்மணமா நிறுத்திக் காசு பாக்குறியாடா அம்பலவாணா என்று கத்திக்கொண்டே, அப்பா வாய் திறக்குமுன் மருதையன் துடுப்பால் அவர் முன்கையில் ஓங்கி அடித்தார். வாளைக் கருவாட்டை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், எலும்பு. விழுந்தவரை அருள்ராஜ் விலாவில் மிதித்தான். தராசை உடைத்தார்கள், கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டுத் துடுப்பால் குத்தினார்கள், குவித்திருந்த கருவாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகையில் கண் தெரியவில்லை. உன் தம்பி முகிலன் மீன் அறுக்கிற கத்தியோடு ஓடிவந்து அருள்ராஜின் தோளில் இறக்கினான், சட்டை கிழிந்து சதை வெள்ளையாகத் தெரிந்து பிறகுதான் ரத்தம் கொட்டியது. இரண்டாவது வெட்டுக் கழுத்துக்குப் போனது. நான் நடுவில் விழுந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை. நான் எழுதாததற்குக் காரணம் அதுதான் நிலவா, வலது உள்ளங்கை முழுக்கத் தையல், அப்பா கைக்கு மாவுக்கட்டு. காரைக்கால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அருள்ராஜ் எதிர்க் கட்டிலில் கிடந்தான், என் கைக்கட்டைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முகிலனைத் தலத்தெருவில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறோம். இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது, நீ வந்து அதைக் கெடுக்காதே.

பஞ்சாயத்தில் அப்பா உண்மையைச் சொன்னார், தடைக்காலத்துல சரிபண்ணலாம்னு வச்சிருந்தேன் என்று. எம் பொண்ணு மானத்தையும் தடைக்காலத்துலதான் கரையேத்திப் பாப்பியா என்று மருதையன் கேட்டார். போட்டுல தண்ணி ஏறுனா நடுக்கடல்லயே அடைக்கிறோமே, அதுக்கு மட்டும் நாள் பாக்குறதில்லையே என்று நானும் வீட்டில் கேட்டுவிட்டேன்.

நேற்று அஞ்சுகம் கொல்லைப்புறமாக வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது, அவள் அப்பா அடித்திருக்கிறார். அழவில்லை. நீங்க மூடிட்டுப் போனா அதுல இருந்தது நாந்தான்னு ஊரு முடிவு பண்ணிடும் அத்தே, அந்த அசிங்கத்தைக் கழுவிட்டு எம் படத்தைப் பழைய எடத்துலயே வைங்க, அவங்க அதே சென்டர்ல போயிப் பாக்கட்டும் என்றாள். அப்பாவிடம் சொன்னேன், அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இப்ராஹிம் அண்ணன் வீட்டம்மா மூலம் மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள் ஒரு தடவை பார்க்கிறோம், சரியாக இல்லையென்றால் வெற்றிலையைத் திருப்பிவிடுவோம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்த ஒரு பக்கத்தில் நிற்கிறது.

அதனால் கடிதம் கிடைத்த அன்றே உட்கார். கெட்டதன்மேல் புதியதைப் பூசாதே, திருடன் உள்ளே எதையாவது விட்டுப் போயிருப்பான் என்று எழில்மதி சொல்கிறாள், முழுதும் துடைத்துவிட்டுத் தைக்கு முன் எடுத்த நகல் இருந்தால் அதிலிருந்து போட்டு, புரோகிராமைப் புதிதாக்கி, பாஸ்வேர்டை மாற்றி, அதன் பிறகு திற. இனிமேல் சிவப்பு எழுத்து வந்தால் முதலில் நகல், உடனே அப்டேட், அப்பாவைக் கேட்க வேண்டாம். புதுப் பாஸ்வேர்டை எழில்மதிக்கும் கொடு, இங்கே அன்றாடம் பார்க்கிறவள் அவள்தான். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள், கூச்சம், நான்தான் அதட்டி எழுத வைக்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. அருள்ராஜ் பிழைத்ததற்கு அம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அந்தப் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, அவள் படம் பழைய இடத்திலேயே, அதே அளவில்.

இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன், கோணலாக இருக்கும்.

உன் அம்மா
ஞானசௌந்தரி