குழு, பதினாலு பேர்

வைகாசி 8, செவ்வாய்
வெயில். கொப்பியே, எழுத்து ஏறியும் இறங்கியும் கிடக்கிறது, பொறுத்துக்கொள். அறுபத்தாறு வயதில் பிடித்த பேனை. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

இன்று முதல்முறையாக, நான் வேலை செய்யும் லொட்ஜின் பதிவுப் புத்தகத்தை நானே எழுதினேன். மல்லாவியிலிருந்து கடிதம். ஞாயிறு இங்கே வவுனியாவில் கலியாணம், பெண் வீட்டார் வெள்ளி வருகிறார்கள், வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் கிடைத்துவிட்டது. பெரிய அறை இரண்டும் அவர்களுக்கு. கட்டில் 5, பாய் 9. எழுதினேன்: "வெள்ளி. குழு. 14 பேர்." ழு எவ்வளவு வடிவாக வந்தது! முதியோர் வகுப்பு ரீச்சரிடம் காட்ட வேண்டும்.

புதன்
காற்று, புழுதி. லொட்ஜ் முதலாளி சிவகாமி அம்மா புத்தகத்தைப் பார்த்தா. முகம் வெளிறிவிட்டது.
"கந்தையா அண்ணை, இதென்ன குழு?"
"கூட்டமா வருகினமெல்லோ. வகுப்பில படிச்ச சொல்லு."
"இந்த ஊரில குழு எண்டா ஆர்? துவக்கோட திரியிற ஆக்கள்! வன்னிக்குள்ள இருந்து பதினாலு பேர் எண்டு வடிவா எழுதியும் வச்சிருக்கிறியள். நாளைக்குப் பொலிஸ் புத்தகம் பாக்க வரும்."

தெரிந்த சொல்தான். காதால் எத்தனை தரம். கையால் எழுதும்போது நினைவு வரவில்லை, ழுவின் சுழியிலேயே கண். கிழிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் இலக்கம், முத்திரை. கோடு போட்டு வெட்டினால் இன்னும் சந்தேகம். என் ஒரு சொல்லால் கலியாணமே நின்றுபோனால்?

"ஆக்களின்ர பேரை எழுதுவம், அம்மா" என்றேன். கடிதத்தில் எல்லாம் இருந்தது. பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணி வரை. பொம்பிளை. தாய். தாய்மாமன். சின்னமாமி: சீனி வருத்தம், வாசலுக்குக் கிட்டக் கட்டில். தோழன்: பொம்பிளையின் தம்பி சுதன், வயது 19. இன்னும் ஒன்பது பேர். பயத்துக்குள்ளும் ஒரு சந்தோஷம். பதினாலு பெயர்!

வியாழன்
பொலிஸ். தமிழ் தெரிந்தவர் விரல் வைத்து வாசித்தார்.
"குழுவுக்குச் சீனி வருத்தமோ, ஐயா?"
சிரித்தார். நானும் சிரித்தேன், பல்லால் மட்டும்.
விரல் கீழே இறங்கியது. சுதனில் நின்றது. சிரிப்பும் நின்றது.
"பத்தொன்பது. வன்னிப் பெடியன். வந்த உடன ஸ்டேசனுக்கு வரச் சொல்லுங்கோ."
வயதை ஏன் எழுதினேன்?

வெள்ளி
மழை. பதினாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். நான் சொன்னதும் தாய் கதிரையில் இருந்துவிட்டா. "அவன் இல்லாட்டி மாப்பிள்ளைக்கு ஆர் கால் கழுவுறது?"
பத்து மணிக்குச் சுதனும் மாமனும் ஸ்டேசனுக்கு. பன்னிரண்டு. ஒரு மணி. பொம்பிளை சாப்பிடவில்லை. நான் பாயை விரித்தேன், சுருட்டினேன், விரித்தேன்.
மூன்று மணிக்கு நனைந்துகொண்டு வந்தான். "ஐயா, எனக்கு எந்தப் பாய்?" கண்ணீர் வந்துவிட்டது.
மாமன் என்னைத் தனியே கூப்பிட்டார். "கலியாணத்துக்கு விட்டிருக்கினம். திங்கள் திரும்ப வரட்டாம். புத்தகத்தோட எழுதின ஆளும் வரோணுமாம்."

'போன நாள்' கட்டம் பதினாலும் வெறுமை. சுதனுடையதைத்தான் முதலில் நிரப்புவேன். ஸ்டேசனில் கையொப்பம் கேட்பார்களாம். பெருவிரல் மை வேண்டாம், என் பெயரை நானே எழுதுவேன். சுதனும் நானும் திரும்பி வந்தால், அடுத்த கிழமை இந்தக் கொப்பியிலும் எழுதுவேன்.