பதினைந்து பிள்ளைகள்

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். மழை வானகரம் வரை வந்துவிட்டு இங்கே நூம்பலுக்கு வராமல் திரும்பியது. மாடித் தொட்டியில் பாசி, சுரண்ட வேண்டும்.

எட்டரைக்கே கீழ்த்தளத்தில் அழுகை. முதலில் ஒன்று, அதைக் கேட்டு மற்றவை. என் மனைவி மாலதி நடத்தும் குழந்தைகள் காப்பகம். வீடு என் பெயரில். காது மட்டும்தான் இப்போது என்னுடையது. அதுவும் மாலை ஆறுக்கு மேல்.

வரி அலுவலகத்திலிருந்து கடிதம். வெள்ளிக்கிழமை ஆய்வு. வீட்டில் காப்பகம் நடத்தினால் சொத்து வரியில் பாதி தள்ளுபடி என்றார்கள், போன வருடம் சேர்ந்தோம். ஆய்வன்று பதினைந்து பிள்ளைகளாவது இருக்க வேண்டும். இருந்தால் சலுகை உறுதி. கூடவே பத்து ஆண்டுக்கு வீட்டை விற்கக் கூடாது, வேறு எதற்கும் மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் படிக்கவில்லை. மாலதி நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி விருப்ப ஓய்வு பெற்றவன்.

குறைந்தால் எல்லாம் ரத்து. பிறகு கடைகளுக்கு உள்ள வரிதான். அதைக் கட்டிக்கொண்டு அவளால் நடத்த முடியாது. மூடுவாள். நான் விற்கலாம்.

விற்கும் யோசனையை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டைல்ஸ் கடைக்காரர் போன். கிடங்குக்கு என் வீடு வேண்டுமாம். “இன்னா சார், இஸ்துகினே போறீங்க? சனிக்கெயம அட்வான்ஸோட வரேன். மேலயும் கீயயும் எனக்கே.” வெள்ளிக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

விற்றுவிட்டு, கோவை. அங்கே யாரையும் தெரியாது. அதற்காகத்தான். இங்கே தெரிந்தவர்கள்:

எதிர்வீட்டுக்காரர். என் வாசலில் அவர் கார்.

தம்பி. அப்பாவின் மனையில் சாலையோரப் பாதியைத் தன் பங்காக வாங்கி விற்றுவிட்டு, பருத்திப்பட்டில் ஏரி தெரியும் ஃபிளாட்டில் இருக்கிறான். பொங்கலுக்கு ஏரியின் படம் அனுப்புகிறான்.

பழைய முதல்வர். அடுத்த தெரு. துறைத் தலைவர் பதவிக்குப் பணிக்காலத்தை எண்ணியபோது என் முதல் இரண்டு வருடத்தை விட்டுவிட்டார். தற்காலிகப் பணியாம், கணக்கில் வராதாம். பதவி வேறொருவருக்குப் போனது. வகுப்பெடுத்தது யார்? அவரைப் பார்த்தால் இன்றும் வேறு பக்கம் திரும்பி நடக்கிறேன்.

மாலதி கோவைக்கு வருவாளா? கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

தூறல். பி.பி. மாத்திரை வாங்கினேன். குடையைக் கடையிலேயே மறந்தேன்.

மாலை, படிக்கட்டில் ஒரு பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. இடுப்பில் குழந்தை. “சார், வெள்ளிக்கிழமை செக்கிங்காமே? காலைலயே கொண்டாந்து உட்டுர்றேன். இத மூடிட்டாங்கன்னா நான் வேலைய உட வேண்டியதுதான்.” பார்க்கலாம் என்றேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. மூக்கில் கீறல்.

சாப்பிடும்போது மாலதி: “வெள்ளிக்கிழமை நீங்க கீழ இருக்கணும். ஓனர் இருக்கணுமாம்.” ரசத்தில் உப்பு இல்லை. போட்டுக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

பட்டியலில் பதினாறு பிள்ளைகள். ஒன்றுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் வராது. பதினைந்து. இன்னொன்றுக்கும் வந்தால் போதும். இப்படியும் நினைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆய்வாளர் ஒன்றரைக்கு வந்தார். சின்ன வயது. பிள்ளைகள் தூங்கும் நேரம். ஆயா காவேரி கதவை மறித்து நின்றாள். “இப்பத்தான் சார் தூங்குதுங்க. ஒண்ணு முயிச்சிகிச்சின்னா அத்தினியும் முயிச்சிக்கும். அப்பால நீதான் தாலாட்டணும்.”

“ஐயோ, வேணாம்மா. எங்க ஊட்லயே ஒண்ணு கீது.” சிரித்துவிட்டு வாசலைப் பார்த்தார். “செருப்ப எண்ணிக்கிறேன்.”

காவேரி உள்ளே போய்விட்டாள். மாலதி பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசலில் நாங்கள் இருவர்தான். பேனா முனையால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டு எண்ணினார். இரண்டு முறை.

“பதினொண்ணுதான் சார். கொறையுதே. இப்படியே எழுதிடவா?”

சும்மா நின்றிருந்தால் போதும். தலையைக்கூட ஆட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை அட்வான்ஸ். கோவை.

“தப்பு” என்றேன்.

“என்ன சார்?”

“எண்ணினது தப்பு. நாலு பிள்ளை இடுப்புல வர்றது. நடக்கவே தெரியாது. அதுக்கு ஏது செருப்பு? செருப்பு இல்லைன்னா ஆளே இல்லையா?”

வகுப்பறைக் குரல். அடக்கத் தெரியவில்லை. உள்ளே ஒன்று விழித்தது. பிறகு எல்லாம். ஆய்வாளர் கதவைத் திறந்து தலைகளை எண்ணினார். பதினைந்து. “நல்லவேளை சொன்னீங்க சார். இங்க ஒரு கையெழுத்து.”

இந்த முறை முழுவதும் படித்தேன். பத்து ஆண்டு முடியும்போது எனக்கு அறுபத்து மூன்று. போட்டேன்.

ஜூலை 12, சனி

வெயில். டைல்ஸ்காரர் மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை.

காப்பி கொடுக்கும்போது மாலதி: “நேத்து பின்கட்டுல எனக்கு எல்லாம் கேட்டுது. பதினொண்ணுன்னே விட்டிருக்கலாமே. டைல்ஸ்காரர் போன மாசமே வந்து என்கிட்ட ரூம் அளவெல்லாம் கேட்டுட்டுப் போனார்.”

“எண்ணிக்கை தப்பு” என்றேன்.

“அதான் தெரியுமே” என்றாள். எது தெரியும் என்று கேட்கவில்லை.

தொட்டிப் பாசி அப்படியே இருக்கிறது.