கடைசி வட்டத்தில் உன் குரல்

கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புதுச் செருப்புக் கடையின் வாடை அடித்தது. உள்ளே, பெயர் எதுவும் அச்சிடாத வெள்ளை உறையில் ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதை வெளியே எடுப்பதற்குள் சேகர் சென்னையிலிருந்து போனில் வந்துவிட்டான். நீ பாடிய 'பொட்டல்' ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த அதே சேகர்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான்.

"மாப்ள, அது சோதனைத் தட்டு. ரெண்டாம் பக்கம் முடிஞ்சதும் ஊசியைத் தூக்கிராத."

"ஏன்டா, என்ன இருக்கு?"

"நான் சொல்ல மாட்டேன். செல்வியையும் பக்கத்துல வச்சுக் கேளு. அது வேணுமா வேணாமான்னு செல்விதான் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு, அச்சுக்குப் போகுது."

அன்று கேசட்டாக வந்து, விற்காமல் போன உங்கள் ஒரே ஆல்பம் இப்போது இசைத்தட்டாக வருகிறது. சேகர் மூல டேப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொருவரின் ஒலியையும் தனித்தனியே துடைத்து, புதிதாகக் கலந்திருக்கிறான். கேசட்டில் சேறு மாதிரி அப்பிக் கிடந்த கிட்டார் கம்பி கம்பியாகக் கேட்கிறது. நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். சேறுதான் நன்றாக இருந்தது என்று சண்டையும் போட்டிருப்பாய்.

அந்தப் பாட்டுகளை நீங்கள் பதிவு செய்தது வல்லத்திராக்கோட்டையில், காலியாகக் கிடந்த ஒரு கடலைக் குடோனில். எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டிருந்தீர்கள். பாடுகிறவன் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. மற்றவர்களும் டேப்பும் வெளி அறையில். பத்திரிகையில் நாலு வரிச் செய்தி போடலாம் என்று நான் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, மற்ற மூவரும் ரோட்டோரம் டீக்கடையில் நின்றிருந்தார்கள்.

"பாடுறவன் எங்கடா?"

"உள்ள பாடிக்கிட்டு இருக்கான். டேப்பு ஓடுது. எங்களுக்கு டீ ஆறிரும்ல?" என்றான் சேகர்.

நாங்கள் திரும்பி வந்தபோது நீ வெளியே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாய். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "கடைசிப் பாட்ட முழுசாப் பாடி முடிச்சுக் கூப்புடுறேன், ஒருத்தனும் இல்ல. யாருக்குடா பாடியிருக்கேன் நானு?" என்றாய். "குடோன் பெருச்சாளிக்கு," என்றான் சேகர். நீ ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தாய், அவன் குனிந்தான், என் மேல் விழுந்தது. ஆனால் டேப்பைத் திரும்ப ஓட்டிக் கேட்டோம். நீ அப்படிப் பாடி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "ஆளில்லாத எடத்துலதான் வாயி தொறக்குது," என்று மெல்லச் சொன்னாய். அந்தப் பாட்டே ஆல்பத்தில் கடைசியாக வந்தது. பாட்டுக்குப் பின் நீ கூப்பிட்டதைக் கேசட்டில் வெட்டிவிட்டார்கள்.

இசைத்தட்டுக் கருவியையும் ஆம்பிளிபயரையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருவரங்குளம் போனேன், உன் மனைவி செல்வியைப் பார்க்க. வளைகுடாவிலிருந்து நீ அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு. நீ ஒரு விடுமுறை மட்டுமே தங்கிய வீடு. கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்துப் பிளக் மட்டும்தான் இன்வெர்ட்டரில் வரும் என்று செல்வி சொன்னது. ஆம்பிளிபயரை அதில் செருகினேன். தட்டுச் சுற்றும் கருவிக்கு இன்வெர்ட்டர் இல்லாத எதிர்ச்சுவர்ப் பிளக்தான் கிடைத்தது.

இரண்டாம் பக்கம் ஓடி முடிந்தது. ஊசி உள்ளே நழுவி, கடைசி வட்டத்தில் போய் விழுந்தது.

"அங்கிட்டு யாராச்சும் இருக்கீங்களா?"

அந்த வட்டம் வெளியே போக வழியில்லாமல், தன்னோடு தானே முடிகிற மாதிரி வெட்டப்பட்டது. ஊசியை யாராவது தூக்கும்வரை அது அதையேதான் சுற்றும். அங்கிட்டு யாராச்சும் இருக்கீங்களா. அங்கிட்டு யாராச்சும் இருக்கீங்களா. கேசட்டில் வெட்டியதை மூல டேப்பில் தேடி எடுத்து ஒட்டியிருந்தான் சேகர். நீ அடுத்த அறையில் நிற்கிற மாதிரி இருந்தது. செல்வி சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தது.

நான் கையை நீட்டினேன். "தூக்கிராதீங்கண்ணே," என்றது செல்வி.

தட்டைப் பார்த்தபடியே பேசியது. "கடைசியா அங்கேருந்து போன் பண்ணப்பவும் இப்படித்தாண்ணே. 'செல்வி, இருக்கியா, இருக்கியா'ன்னு கேக்குறாக. நான் இங்கிட்டுக் கத்துறேன். அவுக காதுல விழுகல. லைன் அந்துருச்சு. மறுபடி போன் வந்தப்ப வேற யாரோ பேசுனாக."

உன் மாரடைப்புச் செய்தியைச் சொல்ல வந்த அழைப்பு அது. எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய அழைப்பைப் பற்றி செல்வி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது கரண்டு போனது. பட்டப்பகல்தான். மின்விசிறியும் ஆம்பிளிபயரும் இன்வெர்ட்டரில் ஓடின. தட்டுக்கு மட்டும் உயிர் போய், சுற்று தளர்ந்தது. உன் குரல் கனத்தது, இழுத்தது, இறங்கியது. நாற்பதைத் தொடாமல் போனவன் நீ. எங்கள் கண்முன்னே உனக்கு ஐம்பது ஆனது, அறுபது ஆனது. இன்று நீ இருந்தால் எந்தக் குரலில் கூப்பிடுவாயோ அந்தக் குரலில், "இருக்கீ..." என்று இழுத்து நின்றாய்.

"இருக்கேங்க," என்றது செல்வி.

அது சொல்லி வாய் மூடுமுன் கரண்டு வந்துவிட்டது. யாரும் தொடவில்லை. தட்டு தானாகவே அசைந்தது. அடியாழத்திலிருந்து உன் குரல் மேலேறி, பழைய வயதுக்கு வந்து, மறுபடி அதையே கேட்டது. செல்வி மறுபடி சொன்னது. நீ அதன் மேலேயே கேட்டாய்.

"சொல்ல விட மாட்டேங்குறாகளேண்ணே," என்று முகத்தை மூடிக்கொண்டது. நான் ஊசியைத் தூக்கினேன்.

சாயங்காலம் போனைச் செல்வியிடமே கொடுத்தேன். "இருக்கட்டும்ணே. ஆனா இப்படிச் சுத்திச் சுத்திக் கேக்க வேணாம். ஒருக்காக் கேட்டாப் போதும். கேட்டுட்டுக் கொஞ்சம் எடம் விடுங்க. பதில் சொல்ல வேணாமா?" என்றது. சேகர் அச்சைத் தள்ளிவைத்தான்.

இரண்டாவது தட்டு வந்தபோது சேகர் என்னிடம் ஒன்று சொன்னான். செல்வி கேட்ட இடைவெளியை வெற்றாக விட அவனுக்கு மனம் வரவில்லையாம். மூல டேப்பில் நீ கூப்பிட்ட பிறகு வருகிற அமைதியையே அப்படியே சேர்க்கலாம் என்று அதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத தூரம் ஓட்டியிருக்கிறான். "நீயே கேளு மாப்ள, எனக்குச் சொல்ல வரல," என்றான்.

செல்வி வீட்டில் கேட்டோம். ஒருமுறை கேட்டாய். பிறகு சாக்கு தொங்கும் அறையின் அமைதி. உன் கால் மாற்றி நிற்கும் சத்தம். "இருக்கேங்க," என்றது செல்வி, நிதானமாக. அதன்பின் மைக்குக்கு வெகு தொலைவில், தாழ்ந்த குரலில் நீ சொன்னாய்: "ம்... சரி."

செல்வி சிரித்தது. உன் காரியங்கள் முடிந்த பிறகு அது அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு பிரதி இருக்கிறது. தனியாகக் கேட்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. காத்திருந்து களைத்து, உனக்கு நீயே சொல்லிக்கொண்டதாக இருக்கலாம் என்றுதான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஆனாலும் நான் ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் இந்த அறையிலும், அந்த அமைதிக்குப் பின், பதில் கிடைத்தவனைப் போலவே நீ "ம்... சரி" என்கிறாய். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அது யாருக்குச் சொன்ன பதில் என்று மட்டும் உன்னிடம் கேட்க மாட்டேன்.