நாலு தடவை பார்த்த காட்சி

அன்புள்ள அக்கா,

இந்த வாரம் மூன்று கேசட் எடுத்துப் படம் பார்த்தேன். முதல் படம் ஒரே இழுவை. இரண்டாவதில் கதாநாயகி அழ அழ எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மூன்றாவது, மனைவியைக் கொன்றவன் கதை. படம் போட்டாலே குறட்டை விடுகிற என் வீட்டுக்காரர் இதைக் கண்கொட்டாமல் பார்த்தார். அவன் பிடிபடும் காட்சியை மட்டும் நாலு தடவை திருப்பிப் போட்டார்.

"அக்காவுக்கு அவ எழுதின லெட்டராலதான் மாட்டிக்கிட்டான். இல்லன்னா யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேசட்டை இன்னும் கடையில் கொடுக்கவில்லை.

இன்று காலை, உனக்கு எழுதும் கடிதங்களை இனிமேல் தானே தபாலில் போடுவதாகச் சொன்னார். அவர் போடுவதற்கென்று வேறொரு கடிதம் எழுதிவிட்டேன்; இதை மாடிவீட்டு நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மூன்று படமும் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அன்று உன் பேச்சைக் கேட்காத
தங்கை