நாற்றம் நின்ற பிறகு

மாப்ளே,

இன்று காலை இங்கே வளைகுடாவில், புஜைரா துறைமுகத்தில், எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. உடனே உன் ஞாபகம்தான்.

ஒரே ரூமில் ஏழு வருடம் இருந்தோம். மற்றவர்கள் போனில் படம் பார்ப்பார்கள். நீ கட்டிலில் குப்புறப் படுத்து, போன நூற்றாண்டின் அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஒருவரைப் படித்துக்கொண்டிருப்பாய். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவராம், ஒரு படியைக்கூடத் தாண்டாமல் எழுதுபவராம். எந்தக் கூற்றைக் கொடுத்தாலும், அது தர்க்கப்படி சரியா என்று இயந்திரம்போலச் சொல்லிவிடும் வழிமுறை இருக்கவே முடியாது என்று நிரூபித்தாராம். அவர் என்ன உனக்கு மாமனாரா என்று கேட்பேன். நீ சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவாய்.

அப்புறம் அந்தத் தகராறு. அன்றும் இதேபோல ஒரு தொட்டிதான். காலையிலேயே கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்து, உள்ளே இறங்குவதற்கான பெர்மிட் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாயிற்று. இடையில் வந்த நாற்றமும் நின்றுவிட்டது. ஆட்களை உள்ளே இறக்கப் போனேன். நீ குறுக்கே நின்றாய்.

"நாத்தம் வந்தா கேஸ் இருக்கு, சரி. நாத்தம் இல்லன்னா கேஸ் இல்லன்னு யாருடா சொன்னா? தாள் முடியிற எடத்துலேர்ந்து நாமதான் யோசிக்கணும்."

அந்த நாற்றமடிக்கும் விஷவாயு அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும் என்று எனக்கும் தெரியும். அவசரத்தில் எது நினைவுக்கு வருகிறது? மறுபடி சோதிக்க வெளியிலிருந்து மீட்டரோடு ஆள் வர இரண்டு நாள் ஆனது. வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. என் லீவு தள்ளிப்போனது, தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இல்லை. உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. போன வருடம் ஊரில் மாரடைப்பில் நீ போய்விட்டாய்.

இன்றும் எல்லாக் கட்டத்திலும் டிக். "ஸ்மெல் மாஃபி பாய், யல்லா", நாற்றம் இல்லை, போகலாம் என்று நாலு பேர் இடுப்பில் கயிற்றோடு தயாராக நின்றார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். ஃபோர்மேன் கண்டபடி திட்டினார். மீட்டரை உள்ளே இறக்கியதும் அது அலறிய அலறலில் அவரே எல்லோரையும் பின்னால் தள்ளினார்.

அந்த நாலு பேரும் இப்போது மெஸ்ஸில் இருக்கிறார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று ஒருவன் சண்டை போடுகிறான். கேட்கக் கேட்க நிம்மதியாக இருக்கிறது, மாப்ளே.

அன்று மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, அதனால் நீ நிறுத்தியது தப்பு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நாற்றம் இல்லை, அதனால் கேஸ் இல்லை என்பதும் இதே கணக்குதானே. உன் அமெரிக்கக்காரரின் புத்தகம் எனக்கு ஒரு வரியும் விளங்கப்போவதில்லை. ஆனால் குறுக்கே போய் நிற்க வருகிறது.