தொட்டில் கட்டிய வகுப்பறை

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சங்கரன்கோவில் வெயிலுக்குக் குறைந்திருக்கும். வால்பாறைக் குளிரில் நான் சுகமே.

சென்ற வாரம் ஒரு சிறு விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. நிரந்தர ஆசிரியரைப் போட நிதியில்லை என்று, ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு நடத்துகிற பள்ளி அல்லவா? பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் மூடிவிடலாம் என்று ஓர் அதிகாரி எண்ணிப் பார்க்க வந்தார். பதிவேட்டில் பதினான்கு பேர். வந்துகொண்டிருந்ததோ ஏழு பேர். இங்குள்ள பால்வாடி ஆயா ஓய்வுபெற்ற பின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அம்மாமார் தேயிலை பறிக்கப் போனால், மூத்த பிள்ளைகள்தான் கைக்குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அதனால், "தம்பி தங்கச்சியையும் இங்கனயே தூக்கிட்டு வாங்க மக்கா" என்று அவர் வருவதற்கு முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

அதிகாரி வந்தபோது பதினான்கு பேரும் இருந்தார்கள். கூடவே ஐந்து சேலைத் தொட்டில்கள்.

"என்ன டீச்சர், இது பள்ளிக்கூடமா, பிரசவ வார்டா?"

"சட்டையில பொத்தான் விழுந்தா பொத்தானத் தைப்பமா, சட்டையத் தூரப் போடுவமா சார்? ஆயா இல்லன்னு பள்ளிக்கூடத்த மூடலாமா?"

அப்போது ஒரு குழந்தை அழுதது. அவர் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, மறு கையால் பதினான்கு என்று எழுதினார். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் வராத பெருமை எனக்கு அன்று வந்தது.

ஆகவே பள்ளியை மூடவில்லை; ஏப்ரலில் பரீட்சை முடியும் வரை நான் இங்கேதான். தொட்டிலுக்கு என் பழைய சேலைகள் இரண்டை அனுப்புங்கள். நீங்கள் போர்த்துகிற நீலப் போர்வையும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். கடிதத்துக்காக ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.

சுந்தரபாய்